சரண்டர் கோப்ரா: தலையில் கைவைத்தவருக்கு ஒரு பெயர்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் ரசிகர்களிடம் புழங்கும் சொல் ‘சரண்டர் கோப்ரா’. தன் அணி தோற்பதைப் பார்க்கும் ரசிகர் இரண்டு கைகளையும் உச்சந்தலையிலோ பிடரியிலோ வைத்து, விரல்களைக் கோத்துக்கொண்டு, முழங்கைகள் இரு பக்கமும் விரிய, வாய் பிளந்து நிற்பாரே, அந்த நிலைக்குத்தான் இந்தப் பெயர். எதிரே இருந்து பார்த்தால் விரிந்த முழங்கைகள் நல்ல பாம்பு படம் எடுத்த மாதிரி இருக்கும். நடுவில் முகம். பாம்பு வந்தது அப்படி. போலீசிடம் மாட்டியவர் தலைக்குப் பின்னால் கையைக் கட்டுவார் அல்லவா, சரண்டர் வந்தது அப்படி.

எல்லாத் தோல்விக்கும் இது வராது. 30 புள்ளி வித்தியாசத்தில் தோற்கும் ஆட்டமென்றால் ரசிகர் பாதியிலேயே எழுந்து காரை எடுக்கப் போய்விடுவார். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்த ஆட்டம் கண்ணெதிரே கைமாற வேண்டும். அதுவும் சொந்த மைதானத்தில் என்றால் கை தானாகவே தலைக்குப் போகும்.

இந்தச் சொல்லுக்கு ஓர் உதாரணம் வேண்டுமென்றால் 2015 அக்டோபர் 17 போதும். இடம் ஆன் ஆர்பர், மிச்சிகன் பல்கலைக்கழக மைதானம். ‘பெரிய வீடு’ என்று செல்லமாக அழைக்கிறார்கள். 1,07,601 பேர் உட்காரலாம். வந்திருந்த அணி அதே மாநிலத்தின் இன்னொரு பல்கலைக்கழகமான மிச்சிகன் ஸ்டேட். இரண்டு பல்கலைக்கழகத்துக்கும் இடையே சுமார் 100 கிலோமீட்டர்தான், ஆனால் பகை பெரிது. ஜெயித்தவர்கள் பால் பன்யன் என்ற கற்பனை மரவெட்டியின் மரச்சிலையைக் கோப்பையாகத் தூக்கிப் போவார்கள். ஒரே மாநிலம் என்பதால் ஒரு குடும்பத்துக்குள்ளேயே இரண்டு கட்சியும் இருக்கும். தோற்றால் அடுத்த ஒரு வருடம் மைத்துனரின் கேலியைக் கேட்டாக வேண்டும்.

ஆட்டம் முடிய 10 வினாடி. மிச்சிகன் 23, மிச்சிகன் ஸ்டேட் 21. பந்து மிச்சிகனிடம். இந்த ஆட்டத்தில் பந்தைப் பெரும்பாலும் கையில் பிடித்துக்கொண்டுதான் ஓடுவார்கள், எறிவார்கள். ‘ஃபுட்’ பெயரில்தான் அதிகம். பத்து கஜம் முன்னேற ஓர் அணிக்கு நான்கு முயற்சி உண்டு. மூன்றில் முடியாமல், நான்காவதிலும் வழியில்லை என்று தோன்றினால் பந்தைத் தூரமாக உதைத்து எதிரணியிடம் விட்டுவிடுவார்கள். அதற்குப் பன்ட் என்று பெயர். மிச்சிகன் செய்ய வேண்டியிருந்தது அது ஒன்றுதான். உதைத்தால் நேரம் முடியும், வீட்டுக்குப் போகலாம். காலுக்கு வேலை வந்த அந்த அபூர்வ நேரத்தில் கை சொதப்பியது.

பின்னால் எறியப்பட்ட பந்து தாழ்வாக வந்தது. உதைக்க நின்றவரின் கையில் பட்டு நழுவியது. குனிந்து எடுத்து எப்படியாவது உதைத்துவிடப் பார்த்தார். அதற்குள் எதிரணி மேலே விழ, பந்து எகிறி மிச்சிகன் ஸ்டேட் வீரர் ஜேலன் வாட்ஸ்-ஜாக்சன் கையில் போய் விழுந்தது. அவர் 38 கஜம் ஓடி எல்லைக்கோட்டைத் தாண்டியபோது கடிகாரத்தில் சுழியம். 27-23. அதற்கு முன் அந்த ஆட்டத்தில் மிச்சிகன் ஸ்டேட் ஒரு நொடிகூட முன்னிலையில் இருக்கவில்லை. ஓடி முடித்த அந்தப் பையனுக்கும் இடுப்பு எலும்பு முறிந்தது, அது தனிக் கதை.

தொலைக்காட்சிக் கேமரா கூட்டத்தின் பக்கம் திரும்பியபோது சிக்கினார் ஒரு மாணவர். தலையில் இரண்டு கை. கண் மைதானத்தை விட்டு நகரவில்லை, அழவில்லை, கத்தவில்லை. நடந்ததை மூளை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை என்பது மட்டும் முகத்தில் தெரிந்தது. அந்தப் படம் ஊரெல்லாம் சுற்றியது.

சரி, சொல்லுக்கு வருவோம். கோப்ரா போர்ச்சுகீசியச் சொல். லத்தீன் ‘கொலூப்ரா’விலிருந்து வந்தது. போர்ச்சுகீசியத்தில் கோப்ரா என்றால் எந்தப் பாம்பும்தான். இந்தியாவுக்கு வந்தவர்கள் நம் நல்ல பாம்பைப் பார்த்து ‘கோப்ரா த கபெலோ’, அதாவது முக்காடு போட்ட பாம்பு என்றார்கள். ஆங்கிலம் அதை வாங்கிக்கொண்டு முக்காட்டைக் கழற்றிவிட்டது. நம் பக்கம் பாம்பைக் குறிக்கும் சொல்லுக்குப் பஞ்சமே இல்லை: நாகம், அரவம், பாந்தள். விரிந்த படத்துக்குப் ‘பை’ என்றே பழைய சொல் உண்டு. படம் எடுத்த பாம்பு ‘பையரவு’.

சரண்டர் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. திருப்பிக் கொடுத்தல், ஒப்படைத்தல் என்பது வேர்ப்பொருள். தமிழ்நாட்டு அரசு ஊழியரிடம் சரண்டர் என்று சொன்னால் ஈட்டிய விடுப்பை ஒப்படைத்துக் காசாக்குவதுதான் முதலில் நினைவுக்கு வரும். வேர்ப்பொருளுக்கு அவர்கள்தான் ரொம்பக் கிட்டே இருக்கிறார்கள். செய்தித்தாளில் ‘நீதிமன்றத்தில் சரண்’, அது வடமொழி. பேச்சில் ‘கையைத் தூக்கிட்டான்’. பணிதல், அடிபணிதல் என்பவை நல்ல தமிழ்தான், ஆனால் தோற்ற ரசிகர் யாருக்கும் பணியவில்லையே.

இரண்டு சொல்லையும் சேர்த்துப் பார்த்தால் வேடிக்கை. பாம்பு படம் எடுப்பது மிரட்ட. சரணடைந்த பாம்பு படம் எடுக்காது, புற்றைத் தேடும். சீறுகிற உருவம், தோற்ற உள்ளம் என்ற அந்த முரண்தான் பெயருக்கு உயிர். அதனால் ‘சரணடைந்த நாகம்’ என்று அப்படியே மாற்றினால் புராணத்தில் காளிங்கன் கதை போல ஒலிக்கும். கேட்பவர் கிருஷ்ணர் எங்கே என்று தேடுவார். ‘பல் பிடுங்கிய பாம்பு’ இன்னும் நெருங்கி வருகிறது. ஆனால் அது பதவி போன அரசியல்வாதிக்கும் அதிகாரம் இழந்த மேலாளருக்கும் எப்போதோ எழுதிக் கொடுக்கப்பட்டுவிட்டது. உடல்நிலையை அது காட்டுவதும் இல்லை.

தோல்விக்கு நம்மிடம் நல்ல வாக்கியங்கள் உண்டு. ‘கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை’. ‘வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது’. அந்த மிச்சிகன் பந்துக்கென்றே செய்த மாதிரி இருக்கிறது இரண்டாவது. ஆனால் இவை நடந்ததைச் சொல்பவை. பார்த்துக்கொண்டிருந்தவரைச் சொல்ல வேண்டுமானால் ‘தலையில் கைவைத்தல்’தான். அமெரிக்கர்கள் பார்த்துப் பார்த்துப் பெயர் வைத்த ஒன்றை நாம் பெயர் வைக்காமலே வினையாக வைத்திருக்கிறோம். வட்டிக்காரன் வந்துபோன வீட்டில், மழை கெடுத்த களத்துமேட்டில், தேர்வு முடிவு வந்த அன்று, எங்கும் இதே கை. அப்படி உட்கார்ந்தால் பாட்டிமார் தட்டிவிடுவார்கள், வீட்டுக்கு ஆகாது என்று. ‘கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே’ என்பதும் அந்தக் கண்டிப்புதான்.

ஒரு சிக்கல், யாருடைய தலை என்பதில் கவனம் வேண்டும். ‘என் தலையிலேயே கை வைத்துவிட்டான்’ என்றால் ஏமாற்றிவிட்டான் என்று பொருள். அதனால் ‘தலையில் கைவைத்துக்கொண்டார்’ என்று ‘கொள்’ சேர்த்து எழுதுவது நல்லது. ‘தலையில் அடித்துக்கொண்டார்’ என்று எழுதிவிடக் கூடாது. அது சலிப்பு, எதிரே இருப்பவரின் முட்டாள்தனத்துக்குக் கொடுக்கும் அடி. ‘கையைப் பிசைந்தார்’ என்பதும் ஒத்து வராது, ஏதாவது செய்ய இன்னும் நேரம் இருக்கும்போதுதான் கையைப் பிசைவோம். இங்கே கடிகாரமே நின்றுவிட்டது.

இன்னொன்றும் உண்டு. தமிழில் தலையில் கைவைத்தவர் பெரும்பாலும் உட்கார்ந்துவிடுவார். ‘தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்’ என்று ஒரே மூச்சில் வரும். கல்லூரி மைதானத்தில் மாணவர் பகுதியில் ஆட்டம் முழுக்க யாரும் உட்காருவதில்லை. அன்றும் யாரும் உட்காரவில்லை. ஆகவே அந்தப் படத்துக்குக் கீழே தமிழில் எழுதச் சொன்னால் நான் பாம்பைத் தேடிப் போகமாட்டேன், வினையை மட்டும் மாற்றுவேன்: ‘கடைசி நொடியில் தோற்ற மிச்சிகன் ரசிகர்கள் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றுவிட்டார்கள்.’