இரண்டு சேர்வர் இருக்குது, இரவு வேலையை எது செய்யும்?

2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகல் நாடு முழுக்கக் கரண்ட் போனது. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு செய்த வேலை என்று அமைச்சர் சொல்ல, ஊரே சிரித்தது. மட்டக்களப்பில் சேர்வர் பார்க்கிற எங்களுக்குச் சிரிப்பெல்லாம் கரண்ட் திரும்பும் வரைதான்.

ஒரு சேர்வர் விழுந்தால் மற்றது தாங்கும் என்று நினைத்துத்தான் எல்லோரும் இரண்டு வைத்து ஃபெயிலோவர் போடுகிறார்கள். ஆனால் மாரி காலத்தில் இங்கே நடப்பது வேறு. யூபிஎஸ் தீர்ந்து இரண்டும் சேர்ந்தே அணையும், கரண்ட் வந்ததும் சேர்ந்தே எழும்பும். நான்தான் தலைமை என்று இரண்டும் கிளம்பினால் வினை அங்கேதான்.

முதலில் தொடங்கும் ஒழுங்கு. டிஸ்க் மவுண்ட் ஆக வேண்டும் (சிஸ்டத்தோடு இணைய வேண்டும்), பிறகு டேட்டாபேஸ், பிறகு அப்ளிகேஷன், கடைசியாகத்தான் எல்லோரும் தேடி வரும் பொது ஐபி, அதாவது தலைமையாக இருக்கும் சேர்வர் எடுத்துக்கொள்ளும் முகவரி. லினக்ஸில் சேவைகளைத் தொடக்கிவிடும் சிஸ்டம்டியில் ‘ஆஃப்டர்’ என்று ஒரு வரி எழுதிவிட்டு வேலை முடிந்ததென்று பலர் போய்விடுகிறார்கள். அது வரிசையை மட்டும்தான் பார்க்கும். முந்தையது தொடங்காமல் செத்தாலும் பிந்தையது எழும்பும். ‘ரிக்குவயர்ஸ்’ வரியும் கூடவே வேண்டும். டிஸ்க்குக்கு ‘ரிக்குவயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபோர்’ இருக்கிறது. இது இல்லாமல், மவுண்ட் ஆகாத வெறும் ஃபோல்டரில் மரியாடிபி என்ற டேட்டாபேஸ் எழும்பினால், ரெட்ஹட் வகை லினக்ஸில் அது தானாகவே புத்தம் புதிய காலி டேட்டாபேஸ் ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். எரர் ஒன்றும் வராது. காலையில் கவுண்டரில் இருக்கிற பிள்ளை, “சேர், ஒரு கஸ்டமரையும் காணல்ல” என்று கோல் எடுக்கும்போதுதான் தெரியும்.

எந்தச் சேர்வரில் எது ஓட வேண்டும் என்று தீர்மானிக்கும் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் அது கவனிக்கும் சேவைகளைச் சிஸ்டம்டியில் டிஸேபிள் பண்ணிவிட வேண்டும். ஒரு வயல் கண்டத்துக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானை இரண்டு பேர் இருந்தால் தண்ணீர் யாருக்குப் போகும்?

இனி தானியங்கி வேலைகள். என்னைக் கேட்டால், கூடுதலாகக் காசு அழிவது இதில்தான். நகை அடகு பிடிக்கும் இடமொன்றில் இரவு வட்டிக் கணக்கு இரண்டு சேர்வரிலும் ஓடி, ஒரே நாள் வட்டி இரண்டு தரம் ஏறியிருந்தது. சனத்துக்கு எஸ்எம்எஸ்ஸும் இரண்டு தரம். குறித்த நேரத்துக்கு வேலையை ஓட்டிவிடும் கிரானுக்கு யார் தலைமை என்று தெரியாது. நேரம் வந்தால் ஓடும், அவ்வளவுதான். ஒரே வேலை இரண்டு தரம் ஓடாமல் பூட்டும் ‘எஃப்லாக்’ போட்டிருக்கிறோம் என்றார்கள். அந்தப் பூட்டு ஒரு மெஷினுக்குள் மட்டும்தான் செல்லும்.

ஸ்கிரிப்டின் முதல் வேலை, பொது ஐபி தன்னிடம் இருக்கிறதா என்று பார்ப்பது. டேட்டாபேஸ் போஸ்ட்கிரஸ் என்றால் அது ரிக்கவரி நிலையில், அதாவது தலைமையைப் பின்தொடரும் துணையாக, இருக்கிறதா என்று டேட்டாபேஸிடமே கேட்கலாம். ஆனால் இரண்டு சேர்வருக்கும் இடையில் நெட்வேர்க் அறுந்த நேரம், ஃபென்சிங்கும் (ஒன்று மற்றதை வலிந்து அணைத்துவிடும் ஏற்பாடு) இல்லாவிட்டால், இரண்டுமே “நான்தான்” என்று பதில் சொல்லும். அதனால் வட்டிப் பதிவில் கணக்கு இலக்கமும் திகதியும் சேர்ந்து ஒருமுறைதான் வரலாம் என்று யுனீக் கீ போடுங்கள். ஒரே டேட்டாபேஸில் இரண்டாவது ஓட்டம் அங்கேயே முட்டி நிற்கும். இரண்டும் தனித்தனிப் பிரதியில் எழுதத் தொடங்கினால் இந்தக் கீயும் உதவாது, ஃபென்சிங் கட்டாயம்.

தவறிய வேலை இன்னொரு தலையிடி. கரண்ட் இல்லாத நேரத்தில் வந்த வேலையைக் கிரான் அப்படியே விட்டுவிடும். சிஸ்டம்டி டைமரில் ‘பெர்சிஸ்டன்ட்’ போட்டால் எழும்பியதும் ஓடும். நல்லதுதான், ஆனால் கடைசியாக எப்போது ஓடியது என்ற குறிப்பு அந்தந்த மெஷினில்தான் கிடக்கும். மற்றது ஏற்கனவே முடித்துவிட்டதா என்று இதற்குத் தெரியாது. முடித்த விபரத்தை டேட்டாபேஸிலேயே எழுதி, அதைப் பார்த்து ஓட விடுங்கள்.

சோதிப்பவர்கள் ஒன்றை ரீபூட் பண்ணிப் பார்த்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போகிறார்கள். கடை பூட்டிய ஒரு நாளில், பேக்கப் எடுத்து வைத்துவிட்டு, இரண்டின் பிளக்கையும் ஒன்றாகப் பிடுங்கிவிட்டு ஒன்றாகப் போடுங்கள். மறுநாள் இரவு வேலையின் லொக்கில் எந்த மெஷினின் பெயர் இருக்கிறது, எத்தனை தரம் இருக்கிறது என்று பாருங்கள்.