ஸ்பிரேயர் மானியம்: பில் போடும் முன் படியுங்கள்

திரவ உரம் தெளிக்க ஸ்பிரேயரை வாங்கிவிட்டு, பில்லை எடுத்துக்கொண்டு மானியம் கேட்டு அலைகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பணம் வராது. அனுமதி கிடைத்த பிறகு வாங்கிய கருவிக்குத்தான் மானியம். கடைக்காரர் "முதலில் எடுத்துக்கொண்டு போங்கள், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்றால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

திட்டத்தின் பெயர் வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கம். 2014-15 முதல் நடக்கும் மத்தியத் திட்டம். சிறு, குறு, பெண், ஆதிதிராவிடர், பழங்குடி விவசாயிகளுக்கு 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40. தமிழ்நாட்டில் உழவன் செயலியில் பதியலாம்.

50 சதவீதம் என்றதும் கடை விலையில் பாதி என்று கணக்குப் போடாதீர்கள். ஒவ்வொரு வகைக் கருவிக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. விலையில் பாதி, உச்சவரம்பு, இந்த இரண்டில் எது குறைவோ அதுதான் கைக்கு வரும். அதோடு, அங்கீகரித்த பட்டியலில் உள்ள மாடலாகவும் இருக்க வேண்டும். மானிய விலை என்று சொல்லும் தொகையை, அதே மாடலின் வெளிச்சந்தை விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சில சமயம் மானியம் விவசாயிக்கா விற்பனையாளருக்கா என்ற சந்தேகமே வந்துவிடும்.

பெரிய பொறி பட்டாவில் இருக்கிறது. நிலம் இறந்துபோன தாத்தா பெயரில் கிடந்தால், வாரிசுச் சான்று, பட்டா மாற்றம் எல்லாம் முடிந்த பிறகுதான் ஸ்பிரேயரைப் பற்றிப் பேச முடியும். பெண்களுக்கு 50 சதவீதம் என்கிறார்கள். ஆனால் நாற்று நட்டு, களை பறித்து, மருந்தும் அடிக்கிற பெண்ணின் நிலப் பட்டா கணவர் பெயரில்தானே இருக்கிறது? அலுவலகம் பார்ப்பது பட்டாவைத்தான். ஒன்றிரண்டு ஏக்கர்தான் இருக்கிறது, பார்த்தாலே தெரியாதா என்றும் இருந்துவிடாதீர்கள். வட்டாட்சியரின் சிறு, குறு விவசாயி சான்று இல்லாவிட்டால் நீங்கள் 40 சதவீதக்காரர். இ-சேவை மையத்தில் அதற்குத்தான் முதலில் விண்ணப்பிக்க வேண்டும். அது கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் மேசைகளைத் தாண்டி வர வேண்டும்.

எந்த அலுவலகம் என்பது அடுத்த தலைவலி. முதுகில் மாட்டும் ஸ்பிரேயருக்கு வேளாண் விரிவாக்க மையத்தில் கேட்டால் வேளாண் பொறியியல் துறை என்பார்கள். அங்கே போனால், காய்கறி போட்டிருக்கிறீர்களே, தோட்டக்கலையில் கேளுங்கள் என்பார்கள். மூன்றுக்கும் தலைமை வேளாண்மை - உழவர் நலத் துறைதான், ஆனால் அலைவது நாம். முதல் அலுவலகத்திலேயே ஒரு கேள்வி போதும்: "இந்த ஆண்டு இந்தக் கருவிக்கு உங்களிடம் ஒதுக்கீடு இருக்கிறதா?" இல்லை என்றால் யாரிடம் இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். மார்ச் மாதத்தில் போய் நின்றால் நிதி தீர்ந்துவிட்டது என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கும். நிதியாண்டு பிறந்ததும் பதிந்துவிடுங்கள்.

டிராக்டரில் பூட்டும் பூம் ஸ்பிரேயர் (நீளமான சட்டத்தில் பல தெளிப்பு முனைகள் கொண்டது) என்றால் டிராக்டரின் ஆர்.சி. புத்தகத்தையும் கேட்பார்கள். பக்கத்து வயல்காரர் டிராக்டரை நம்பி விண்ணப்பிக்க வேண்டாம்.

மானியம் பெரும்பாலும் பின்னேற்பு முறையில் வரும். முழு விலையையும் நீங்கள் கட்டி, அதிகாரி வந்து கருவியைப் பார்த்த பிறகு பணம் வங்கிக்கு வரும். அதுவரை கடனுக்கு வட்டி ஓடும் என்பதைக் கணக்கில் வையுங்கள். பில் விண்ணப்பதாரர் பெயரிலேயே இருக்கட்டும், மகன் பெயரில் வேண்டாம். கருவியின் வரிசை எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றா என்று கடையிலேயே பாருங்கள். பணம் ஆதாரோடு கடைசியாக இணைத்த கணக்குக்குப் போய்விடலாம். நீங்கள் மறந்தே போன பழைய கணக்கு அதுவாக இருக்கக்கூடும், வங்கியில் கேட்டு உறுதிசெய்யுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து மட்டும் யாருக்கும் போடாதீர்கள்.

இழுத்தடித்தால் வாய்ப்பேச்சு உதவாது. 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டு, உங்கள் விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது, முன்னுரிமைப் பட்டியலில் எத்தனையாவது இடம் என்று கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம். உங்கள் விண்ணப்பத்தின் பதிவு எண்ணையும் தேதியையும் மனுவிலேயே எழுதுங்கள். அவை இல்லாத மனுவுக்கு "ஆவன செய்யப்படும்" என்ற ஒற்றை வரிதான் பதிலாக வரும்.