ஹைப்ரிட்: கலப்பினமா, கலப்பு விசையா?

பெட்ரோல் கார் என்றால் யாரும் விளக்கம் கேட்பதில்லை. மின்சார கார் என்றாலும் சார்ஜ் போட்டு ஓட்டுவது என்று புரிந்துவிடுகிறது. பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் இரண்டும் கொண்டு நடுவில் நிற்கும் ஹைப்ரிட்தான் குழப்புகிறது. "இதையும் ராத்திரி சார்ஜ் போட வேண்டுமா?" என்று ஒருவர் கேட்கிறார். "பேட்டரி தீர்ந்தால் நடுவழியில் நின்றுவிடாதே?" என்று இன்னொருவர் தயங்குகிறார். கேட்பவர்கள் மேல் குற்றமில்லை. ஒரே சொல்லுக்குள் மூன்று வகை வண்டிகளை அடைத்து வைத்தால் வேறென்ன ஆகும்?

சொல் பிறந்த இடம் பன்றிப்பட்டி. லத்தீனில் 'ஹிப்ரிடா' என்றால் வளர்ப்புப் பன்றிக்கும் காட்டுப் பன்றிக்கும் பிறந்த குட்டி. ரோமானியர்கள் அதை மனிதர்கள் மேலும் ஏற்றி, ரோமானியருக்கும் அயலாருக்கும் பிறந்த பிள்ளையை அப்படி அழைத்தார்கள். மரியாதையான அழைப்பு அல்ல. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்த சொல், 19ஆம் நூற்றாண்டில் தாவர ஆராய்ச்சி வழியாகத்தான் நன்றாகப் பரவியது.

கார் கதை தனி. 1900ஐ ஒட்டி ஃபெர்டினாண்ட் போர்ஷே என்ற பொறியாளர் ஒரு வண்டி செய்தார். அதில் பெட்ரோல் எஞ்சின் மின்சாரம் தயாரிக்கும். சக்கரங்களிலேயே பொருத்திய மோட்டார்கள் வண்டியை ஓட்டும். அதற்கு வந்த பெயர் 'மிக்ஸ்ட்'. பிரெஞ்சில் 'கலந்தது' என்று பொருள். பன்றிக்குட்டியை விட இது எவ்வளவோ பொருத்தம்! ஆனால் நிலைத்தது ஹைப்ரிட்தான். 1997 டிசம்பரில் ஜப்பானில் டொயோட்டா பிரியஸ் என்ற ஹைப்ரிட் கார் விற்பனைக்கு வந்த பிறகு அது வீட்டுப் பேச்சிலும் புகுந்துவிட்டது.

சரி, அந்த மூன்று வகை எவை? 'மைல்ட்' ஹைப்ரிட்டில் மோட்டார் வெறும் கைத்தாங்கல். பொதுவாக அது தனியாக வண்டியை நகர்த்தாது. 'ஃபுல்' ஹைப்ரிட்டில் நகர்த்தும். சிக்னலில் எஞ்சின் அணைந்திருக்க, பச்சை விழுந்ததும் வண்டி சத்தமில்லாமல் ஊர்வதைக் கவனித்திருப்பீர்கள். பிரேக்கை மிதித்தால் அதே மோட்டார் மின்னாக்கியாக மாறி, வீணாகும் வேகத்தில் கொஞ்சத்தைப் பேட்டரிக்குத் திருப்பும். பேட்டரி தீர்ந்தால் எஞ்சின் பார்த்துக்கொள்ளும், சார்ஜ் போடவே வேண்டாம். போடவும் முடியாது. மூன்றாவதான 'பிளக்-இன்'னில்தான் ஒயரைச் செருக வேண்டும்.

மின்சார கார் பிரியர்கள் "ஹைப்ரிட் என்பது வேஷம் போட்ட பெட்ரோல் கார்" என்கிறார்கள். தூரப் பயணத்துக்கு அஞ்சுபவர்கள் "இரண்டிலும் நல்லது" என்கிறார்கள். முதல் இரண்டு வகைகளைப் பொறுத்தவரை முதல் தரப்பு சொல்வது உண்மை. பேட்டரியில் ஏறும் மின்சாரம் முழுக்க, பிரேக்கில் மீட்டது உட்பட, பெட்ரோலிலிருந்து வந்ததுதான். 'தானே சார்ஜ் ஆகும்' என்ற விளம்பரத்தை 2020இல் நார்வேயின் நுகர்வோர் ஆணையம் தடுத்ததும் இதனால்தான். மின்சாரம் இலவசமாகக் கிடைப்பது போன்ற எண்ணத்தை அது உண்டாக்குகிறதாம். பிளக்-இன் வேறு கதை. ஒழுங்காகச் சார்ஜ் போட்டால் அன்றாட ஓட்டம் மின்சாரத்திலேயே முடியும். பலர் போடுவதில்லை போலும்: ஐரோப்பிய ஆணையம் 2024இல் வெளியிட்ட அறிக்கைப்படி, சாலையில் இவற்றின் கரியமிலப் புகை சோதனைக்கூட அளவைப்போல் சராசரியாக 3.5 மடங்கு.

இனி தமிழுக்கு வருவோம். விதைக்கு 'வீரிய ஒட்டு' என்கிறோம், பசுவுக்கு 'கலப்பினம்'. காருக்கும் 'கலப்பின கார்' என்றே எழுதுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. இனம் என்பது உயிருள்ளவற்றுக்கு. இங்கே எதுவும் எதனோடும் சேர்ந்து குட்டி போடவில்லை. கலப்பது எஞ்சின் விசையும் மோட்டார் விசையும். ஆகவே 'கலப்பு விசைக் கார்' என்பேன். வகை பிரிக்க வேண்டுமானால் மைல்டுக்கு 'துணைமின் கார்', ஃபுல்லுக்கு 'முழுக் கலப்பு', பிளக்-இன்னுக்கு 'மின்னேற்றக் கலப்பு'. கடைசிப் பெயரைக் கேட்டதுமே சார்ஜ் போட வேண்டும் என்று தெரிந்துவிடும்; ராத்திரிக் கேள்விக்கு வேலையில்லை.

அப்புறம், 'இரட்டை எரிபொருள் கார்' என்று சிலர் எழுதுவது பிழை. அது பெட்ரோலிலும் எரிவாயுவிலும் மாறி மாறி ஓடும் வண்டி. அதில் ஓட்டும் மோட்டாரே கிடையாது.