போற வழிதானே!

"அண்ணாச்சி, அவுகளுக்குக் கொடைக்கானல் போகணும். எனக்கு ராமேஸ்வரம். ரெண்டையும் சேத்து நாலு நாளைக்குப் போட்டுக் குடுங்க. போற வழிதானே?"

ஏப்ரல் பிறந்துவிட்டால் நெல்லை வண்ணாரப்பேட்டையிலும் ஜங்ஷனிலும் டூர் ஏற்பாடு செய்கிற எங்கள் எல்லார் காதிலும் இந்த ஒரே பாட்டுதான். கொடைக்கானலுக்குப் பதில் மூணாறு வரும், ராமேஸ்வரத்துக்குப் பதில் குருவாயூர் வரும். "போற வழிதானே" மட்டும் மாறாது. போன வாரமும் ஒரு குடும்பம் வந்தது. எவ்வளவு சொல்லியும் கேட்காமல், இரண்டையும் ஒட்டிப் போட்டு வாங்கிக்கொண்டுதான் போனார்கள். ஆகவே எழுதிவிடுவது என்று முடிவு.

கணவன் ஒரு ஊர், மனைவி ஒரு ஊர் சொல்வதில் தவறே இல்லை. இரண்டு ஊரையும் ஒரே பயணத்தில் ஒட்டுவதைச் சமரசம் என்று நினைப்பதுதான் தவறு. அதில் செலவு கூடும், இரண்டு பேருக்குமே அவரவர் ஊர் கிடைக்காமலும் போகும். வாயால் சொன்னால் யாரும் நம்புவதில்லை, கணக்கே போட்டுவிடலாம்.

நெல்லையிலிருந்து தூத்துக்குடி, சாயல்குடி வழியாக ராமேஸ்வரம் சுமார் 225 கிலோமீட்டர். அங்கிருந்து பரமக்குடி, மதுரை, வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் சுமார் 290. திரும்பி நெல்லைக்கு 275. இரண்டு ஊரிலும் சுற்றிப்பார்க்க ஒரு 80 சேர்த்தால் 870 ஆகிறது. கொடைக்கானல் மட்டும் போய் வந்தால், அங்கே சுற்றுவதையும் சேர்த்து 610. "260 கிலோமீட்டர்தானே கூட, அதுக்கு ஒரு ஊரே கிடைக்குதே" என்று இங்கேதான் எல்லாரும் ஏமாறுவது.

வாடகை வண்டிக்கு மினிமம் கிலோமீட்டர் என்று ஒன்று உண்டு. நாளொன்றுக்கு 250 என்பார்கள், சிலர் 300 என்பார்கள். வண்டி நாள் முழுக்க லாட்ஜ் வாசலில் நின்றாலும் அந்த 250-க்குக் காசு. கிலோமீட்டருக்கு 15 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கொடைக்கானல் மட்டும் மூன்று நாள் என்றால் 750 கிலோமீட்டர் கணக்கில் 11,250. இரண்டு ஊரும் சேர்த்து நாலு நாள் என்றால் 1000 கிலோமீட்டர், 15,000. இதன் மேல் டிரைவருக்கு ஒரு நாள் பேட்டா கூடுதல், ஒரு இரவு அறை வாடகை கூடுதல், ஐந்து பேருக்கு மூன்று வேளைச் சாப்பாடு கூடுதல். டோல், பார்க்கிங் தனி.

சரி, காசைக் கொடுத்தாயிற்று. வாங்கியது என்ன? முதல் நாள் மதியம் ராமேஸ்வரம். இரண்டாம் நாள் விடியலில் அக்னி தீர்த்தம், பிறகு கோயிலுக்குள் 22 தீர்த்தமும் ஆடி, ஈரத்தோடு சந்நிதிக்குப் போகக் கூடாது என்பதால் துணி மாற்றி, தரிசனம் முடிக்கும்போது பத்து மணி. லாட்ஜைக் காலி செய்து பதினொன்றுக்குக் கிளம்பினால் மலையடிவாரம் தொடும்போது பொழுது சாயும். டிக்கியில் ஐந்து பேரின் ஈரத் துணி பிளாஸ்டிக் பையில் நாறிக்கொண்டிருக்கும். தலை சரியாகக் காயாத பாட்டி, மதுரையில் பரோட்டா தின்ற பையன், இருட்டில் கொண்டை ஊசி வளைவு. அறைக்குள் நுழையும்போது எட்டு மணி. அன்றைய கொடைக்கானல் வாடகை வெறும் தூக்கத்துக்குப் போயிற்று. மூன்றாம் நாள் மட்டும் ஊர் பார்ப்பது, நாலாம் நாள் காலை இறங்குவது. அதாவது நாலு நாளில் கொடைக்கானல் ஒரு முழு நாள். தனியாக மூன்று நாள் போயிருந்தாலும் அதே ஒரு முழு நாள்தான், கூடவே வந்த அன்று சாயங்காலமும் கிளம்பும் அன்று காலையும் ஏரிக்கரையில் நடக்கக் கிடைத்திருக்கும். வீட்டுக்கு வந்ததும் "உன் கோயிலாலதான்", "உங்க மலையாலதான்" என்று ஆரம்பிக்கும். அதற்கு வாடகை கிடையாது.

இதே குடும்பத்துக்கு மலிவான வழி வேறு இருக்கிறது. கன்னியாகுமரியிலிருந்து நெல்லை, மதுரை வழியாக ராமேஸ்வரத்துக்கு வாரத்தில் மூன்று நாள் இரவு ரயில் ஓடுகிறது. ராத்திரி நெல்லையில் ஏறினால் விடிகாலை ராமேஸ்வரம். போகிற கிழமை, திரும்புகிற கிழமை இரண்டையும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் அன்று இரவே திரும்பலாம். குளிக்க, துணி மாற்ற, மதியம் சாய ஒரே ஒரு அறை போதும். கோயிலை ஒரு சனிக்கிழமையில் முடித்துவிட்டுக் கொடைக்கானலை மூன்று நாள் தனியாக வையுங்கள். அமாவாசையன்று மட்டும் ராமேஸ்வரம் வேண்டாம், அன்று நிற்க இடம் இருக்காது.

இன்னொன்று. வேண்டுதலையும் டூரையும் ஒரே பையில் போடாதீர்கள். நேர்ச்சைக்கு நேரம், விரதம், குளியல், வரிசை என்று எல்லாம் உண்டு. பிள்ளைகளுக்கு லீவு என்றால் ஒன்பது மணி வரை தூக்கம். திருச்செந்தூர் நேர்ச்சை பாக்கி இருக்கிறதா? நெல்லையிலிருந்து காலை ரயிலில் போய் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு வந்துவிடலாம். அதற்கு எதற்கு விடுமுறைக் கணக்கில் ஒரு நாள்?

ஊரை முடிவு செய்வதற்கு முன்னால் இரண்டு விஷயம் முடிவாக வேண்டும். மொத்தத் தொகை எவ்வளவு, எத்தனை இரவு. இதைக் காகிதத்தில் எழுதாமல் ஊர்ப் பெயரை வாயிலேயே எடுக்கக் கூடாது. தொகையில் ஏழில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். குதிரை, படகு, பார்க்கிங், மழைக்கு வாங்கும் குடை எல்லாம் அதிலிருந்துதான் போகும். சொந்தக்காரர் வீட்டில் தங்கினால் செலவே இல்லை என்பவர்களுக்கு: ஐந்து பேர் போய் மூன்று நாள் தங்கும் வீட்டுக்கு அரைக் கிலோ அல்வாவோடு போக முடியாது. அந்த வீட்டு அம்மாவுக்கும் அதே மூன்று நாள்தான் லீவு.

பிறகு இருவரையும் தனித்தனியாக ஒரு கேள்வி கேட்க வேண்டும். "போன மறுநாள் காலை பத்து மணிக்கு நீங்க என்ன பண்ணிக்கிட்டு இருக்கணும்?" ஊர்ப் பெயரைச் சொல்லாமல் பதில் வர வேண்டும். கொடைக்கானல் கேட்டவர் "போன் அடிக்காம, போர்வைக்குள்ள தூங்கிக்கிட்டு" என்பார். ராமேஸ்வரம் கேட்ட அம்மாவோ "யாரோ காபி கொண்டுவந்து தரணும், சமையக்கட்டுப் பக்கமே போகக் கூடாது" என்பார். கவனியுங்கள், இதில் மலையும் இல்லை, கோயிலும் இல்லை. பாதிச் சண்டை இங்கேயே தீர்ந்துவிடும். சமைக்கக் கூடாது என்பவரைக் கூட்டிக்கொண்டு, மிச்சம் பிடிக்கிறோம் என்று அடுப்பும் பாத்திரமும் உள்ள அறையாகப் பார்த்துப் போடும் புத்திசாலிகளும் உண்டு. அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்காதீர்கள், தயவுசெய்து.

பதில்கள் இரண்டும் கையில் வந்த பிறகு மூன்றாவது ஊர் ஒன்று தானாகவே தலைகாட்டும். எங்கள் தொழிலில் நம்பும் அளவுகோல்: ஒரே அறை, இரண்டு இரவு, எங்கே போனாலும் ஒரு மணி நேரத்துக்குள். நாகர்கோவிலையே எடுத்துக்கொள்ளுங்கள். நெல்லையிலிருந்து ரயில், பஸ் இரண்டும் உண்டு. கோயில் கேட்பவருக்குச் சுசீந்திரம் பக்கத்திலேயே. கடல் கேட்பவருக்குக் கன்னியாகுமரி 20 கிலோமீட்டர். விவேகானந்தர் பாறைக்கும் 133 அடி வள்ளுவர் சிலைக்கும் நடுவே கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் கடைசியில் திறந்தாயிற்று. படகு வரிசைக்கு எட்டு மணிக்கு முன்பே போய் நில்லுங்கள், பத்து மணிக்குப் போனால் வெயிலில் வதங்குவீர்கள். தண்ணீர் கேட்கும் பிள்ளைகளுக்குத் திற்பரப்பு அருவி, போகும் பாதையில் மாத்தூர் தொட்டிப்பாலம். (இது நிஜமாகவே போற வழி!) பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. திங்கட்கிழமை போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு வருபவர்கள் ஒவ்வொரு வருஷமும் உண்டு.

குளிர்தான் வேண்டும் என்றால் நாகர்கோவில் ஆகாது, ஒப்புக்கொள்கிறேன். அப்போது கொடைக்கானலையே வைத்துக்கொண்டு வண்டியைக் குறையுங்கள். நெல்லை பஸ் மதுரை மாட்டுத்தாவணியில் இறக்கிவிடும். கொடைக்கானல் பஸ் ஆரப்பாளையத்திலிருந்து. நடுவில் டவுன் பஸ். மேலே போய் ஒரு நாளைக்கு மட்டும் உள்ளூர் வண்டி பேசிக்கொள்ளலாம். சொந்தக் காரிலோ வாடகைக் காரிலோ போகிறவர்களுக்கு இ-பாஸ் வேண்டும். 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இது கட்டாயம். 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000, சனி ஞாயிறில் 6,000 வண்டி என்று வரம்பும் வைத்தார்கள். அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு இந்தத் தலைவலியே இல்லை. அறைக்கு முன்பணம் கட்டிவிட்டு, முந்தின நாள் ராத்திரி இ-பாஸுக்கு உட்காராதீர்கள். பாஸ் முதலில், முன்பணம் பிறகு.

குற்றாலம். இதைச் சொல்லாமல் நெல்லையில் டூர் பற்றி எழுத முடியாது. மே மாதம் குற்றாலத்தில் அறை போட்டுவிட்டு "அருவியில தண்ணியே இல்லையே" என்று போனில் சத்தம் போடுகிறார்கள். சீசன் ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று இறங்கிய பிறகு வருவது, ஆகஸ்ட் வரை நிற்கும். பள்ளிக்கூட லீவுக்கும் சாரலுக்கும் ஒத்தே வராது. ஆகவே குற்றாலத்தைக் கோடை விடுமுறைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, ஜூலையில் ஒரு சனிக்கிழமைக்கு மாற்றுங்கள். செங்கோட்டை பாசஞ்சரில் ஏறித் தென்காசியில் இறங்கினால் பக்கம். மேயில் அருவியில் தண்ணீர் கொட்டுகிறது என்று யாராவது சொன்னால் அது கோடைமழைத் தண்ணீர், நம்பி நிற்கக் கூடாது. மேலே மலையில் பெய்யும் மழை கீழே நிற்பவனுக்குத் தெரியாது. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு பள்ளி மாணவனைக் கொண்டுபோனது. போலீஸ் விசில் ஊதினால் சோப்பை விட்டுவிட்டு வெளியே வாருங்கள். அங்கே நின்று வாதாட வேண்டாம்.

ரயிலில் செய்யும் தவறுகள் எப்போதும் அதேதான். முன்பதிவு இப்போது 60 நாள், 2024 நவம்பர் முதல். இன்னும் 120 நாள் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். ஐந்து வயது முடிந்து பன்னிரண்டு ஆகாத பிள்ளைக்கு அரை டிக்கெட் எடுத்தால் பெர்த் கிடையாது. பெர்த் வேண்டுமென்றால் முழுக் கட்டணம். அரை டிக்கெட் எடுத்துவிட்டு டிடிஆரிடம் பெர்த் கேட்காதீர்கள், பாவம் அவர். மூத்த குடிமக்கள் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. ஆனால் லோயர் பெர்த் ஒதுக்கீடு இருக்கிறது: ஆண்களுக்கு 60, பெண்களுக்கு 45 வயது. ஒரு டிக்கெட்டில் இரண்டு பேருக்கு மேல் இருந்தால் அந்த ஒதுக்கீட்டில் வராது. ஆகவே பாட்டிக்குத் தனி டிக்கெட் போடுங்கள். ஐந்து பேரையும் ஒரே டிக்கெட்டில் அடைத்து, பாட்டிக்கு அப்பர் பெர்த் வாங்கிக்கொண்டு வந்து நிற்பவர்களை என்ன செய்வது? ஆன்லைனில் எடுத்தது சார்ட் போட்ட பிறகும் வெயிட்டிங் லிஸ்டிலேயே இருந்தால் அது டிக்கெட்டே இல்லை. பணம் திரும்பிவிடும், ஏறக் கூடாது.

வண்டி பேசும்போது நாலு கேள்வி: மினிமம் எவ்வளவு, கிலோமீட்டர் கணக்கு வண்டி நிற்கும் ஷெட்டிலிருந்தா நம் வீட்டிலிருந்தா, பேட்டா இரவுக்கும் சேர்த்தா, கேரளா என்றால் பர்மிட் யார் தலையில்? பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள். நம்பர் பலகை மஞ்சளாக இருக்கிறதா என்று பாருங்கள். "நம்ம பக்கத்து வீட்டுத் தம்பி வண்டிதான், கம்மியா வருவான்" என்று வெள்ளைப் பலகையில் காசு கொடுத்துப் போனால், விபத்து நடந்த அன்று இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பது வாடகைக்கா வந்தீர்கள் என்பதைத்தான்.

விட்டுக்கொடுத்தவர் யாரோ அவருக்கு மீதி எல்லாவற்றையும் கொடுத்துவிடுங்கள். காலை எத்தனை மணிக்குக் கிளம்புவது, எங்கே சாப்பிடுவது, ஜன்னல் சீட், அடுத்த ஊர். அடுத்த ஊரை வாய்வார்த்தையாக விடாமல், சமையலறை காலண்டரில் மாதத்தோடு எழுதிவிடுங்கள். ஊரையும் விட்டுக்கொடுத்து, ஐந்து பேர் பெட்டியும் கட்டி, வந்து அழுக்குத் துணியும் துவைப்பது ஒரே ஆளாக இருந்தால் அடுத்த வருஷம் அந்த ஆள் எங்கும் வரமாட்டார். அதில் நியாயம் இருக்கிறது.

அந்த அடுத்த ஊர் காலாண்டுத் தேர்வு லீவுக்கு என்றால் ரயில் முன்பதிவு ஜூலைக் கடைசியில் திறக்கும், காலை எட்டு மணிக்கு. எட்டரைக்கு உட்கார்ந்துவிட்டு எங்களுக்குப் போன் போடாதீர்கள்.