வேதாகமத்தைத் திறந்து விரல் வைக்காதீர்கள்

பயொப்சி ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்த ஒரு தாய், "ஆண்டவரே, ஒரு வார்த்தை தாரும்" என்று ஜெபித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு வேதாகமத்தைத் திறந்து விரலை வைத்திருக்கிறார். விரல் விழுந்த இடம் ஏசாயா 38:1. "நீர் பிழைக்கமாட்டீர், மரித்துப்போவீர்." அதற்குப் பிறகு அவருக்குச் சாப்பாடும் இல்லை, நித்திரையும் இல்லை. மகள் கூட்டிக்கொண்டு வந்தபோது என்னிடம் சொன்ன முதல் வார்த்தை, "பாஸ்டர், கர்த்தர் எனக்கு முடிவைச் சொல்லிட்டார்" என்பதுதான்.

"அம்மா, அதுக்குக் கீழே வாசிச்சீங்களா?" என்று கேட்டேன். வாசிக்கவில்லை.

அந்த வார்த்தை யூதாவின் ராஜாவான எசேக்கியாவுக்குச் சொல்லப்பட்டது. அவர் சுவர்ப்புறமாகத் திரும்பி அழுது ஜெபிக்கிறார். ஐந்தாம் வசனத்தில் கர்த்தர், "உன் கண்ணீரைக் கண்டேன், இதோ, உன் நாட்களோடே பதினைந்து வருஷம் கூட்டுவேன்" என்கிறார். அந்தத் தாய் இன்னும் நாலு வசனம் வாசித்திருந்தால் போதும். இதை நான் வாசித்துக் காட்டியதும் மகள், "அப்போ அம்மாவுக்கு இன்னும் பதினைஞ்சு வருஷம் இருக்கு!" என்றார். அதையும் நான் நிறுத்த வேண்டியிருந்தது. முதலாம் வசனம் எப்படி அம்மாவுக்கு எழுதப்பட்ட மரண அறிவித்தல் இல்லையோ, அப்படியே ஐந்தாம் வசனமும் அவருக்குக் கொடுக்கப்பட்ட உத்தரவாதம் இல்லை. இரண்டும் எசேக்கியாவுடையவை. கண்ணீரைக் காண்கிற தேவன் அன்றும் இன்றும் ஒருவரே என்பதுதான் அம்மாவுக்கு அதில் உள்ளது. அது சின்ன விஷயம் இல்லை.

இப்படி வருகிறவர்கள் ஒருவர் இருவர் அல்ல. கொழும்புப் பக்கத்தில் கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை, வத்தளை என்று எந்த வீட்டு ஜெபக்கூட்டத்துக்குப் போனாலும் யாராவது ஒருவர் இருப்பார். கலியாணப் பேச்சை ஏற்பதா, காணியை விற்பதா, வேலையை விடுவதா, எல்லாவற்றுக்கும் விரல்தான். ஒருவர் சுகம் என்று ஒரு வசனம் வந்ததற்காக பிரஷர் குளிசையையே நிறுத்தியிருந்தார். கிளி எடுக்கும் சீட்டைப் பார்ப்பது தவறு என்று பிரசங்கம் பண்ணுகிறோம். வீட்டில் வேதாகமத்தை வைத்துக்கொண்டு அதையேதான் செய்கிறோம். இதைச் சொல்ல எனக்கு வேதனையாக இருக்கிறது, ஆனால் சொல்லாமல் விட முடியாது.

டிசம்பர் 31 இரவு ஆராதனையில், புது வருஷத்துக்கான வசனம் என்று எடுக்கும் வாக்குத்தத்த அட்டையும் இதோடு சேர்கிறது. அட்டை எடுப்பது பாவம் என்று நான் சொல்லவில்லை. அந்த ஒரு அட்டையே வருஷம் முழுவதற்குமான வேதவாசிப்பாகிவிடுவதுதான் பிரச்சினை. காலையில் வட்ஸ்அப்பில் பூப்படத்தோடு ஒரு வசனம் வரும், ஆமென் போட்டுவிட்டு ஐம்பது பேருக்கு அனுப்பிவிட்டால் அன்றைய தியானம் முடிந்தது. அது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்டால் தெரியாது.

அதிகம் அனுப்பப்படும் வசனத்தையே எடுத்துப் பார்ப்போம், எரேமியா 29:11. "நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்." கனடாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் பிள்ளைகளின் போனில் இது இல்லாமல் இருக்காது. "பாஸ்டர், விசா வரும் என்று வசனம் கிடைத்துவிட்டது" என்பார்கள்.

இது ஒரு கடிதத்தின் நடுவில் உள்ள வரி. கி.மு. 597இல் பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட யூதா மக்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எருசலேமிலிருந்து எழுதுகிறார். முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒருவர் எழும்பி, இரண்டு வருஷத்தில் எல்லாரும் திரும்பிவிடுவார்கள் என்று தேவாலயத்திலே அறிவிக்கிறார். கேட்க எவ்வளவு இனிமையான செய்தி! அது பொய் என்று எரேமியா சொல்கிறார். கடிதம் சொல்வது வேறு. வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து வையுங்கள், எழுபது வருஷம் ஆகும். பத்தாம் வசனத்தில் எழுபது வருஷம் என்று சொல்லிவிட்டுத்தான் பதினோராம் வசனத்தில் அந்த நல்ல நினைவுகளைப் பற்றிச் சொல்கிறார். எழுபது வருஷத்தை வெட்டிவிட்டு மீதியை மட்டும் அனுப்பினால், எரேமியாவின் வாயால் அனனியாவின் செய்தியைச் சொல்கிறோம்.

அந்தக் கடிதத்தின் ஏழாம் வசனத்தை யாரும் அட்டையில் அச்சடிப்பதில்லை. நீங்கள் கொண்டுபோகப்பட்ட பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள், அதற்காக ஜெபம் பண்ணுங்கள் என்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வந்து கொழும்பில் வாடகை வீட்டில் இருக்கிற நம்மவர்களுக்கு இதைவிட நெருக்கமான வசனம் உண்டா? விரல் வைத்துத் தேடுகிறவர்களுக்கு இது அகப்படுவதில்லை. அதிகாரத்தை வரிசையாக வாசிக்கிறவர்களுக்குத்தான் அகப்படும்.

ஒரு தகவல். வசன எண்களை ஏசாயாவும் போடவில்லை, பவுலும் போடவில்லை. அதிகாரப் பிரிவுகள் 13ஆம் நூற்றாண்டில் வந்தவை. புதிய ஏற்பாட்டில் நாம் இன்று பாவிக்கும் வசன எண்களை 1551இல் ரொபேர் எஸ்தியென் என்ற அச்சுக்காரர் போட்டார். இடத்தைத் தேடி எடுக்க உதவும் எண்கள் அவை. வெட்டுவதற்கான கோடுகள் என்று நினைத்துவிடாதீர்கள்.

சரி, எங்கே தொடங்குவது? ஜனவரி முதலாம் தேதி ஆதியாகமத்தில் தொடங்காதீர்கள். புரட்டஸ்தாந்து வேதாகமத்தில் 1189 அதிகாரங்கள். நாளுக்கு மூன்று, ஞாயிறு ஐந்து என்று வாசித்தால் ஒரு வருஷத்தில் முடியும், கணக்கு சரிதான். பழக்கமில்லாதவர் யாத்திராகமத்தில் ஆசரிப்புக்கூடாரத்தின், அதாவது வனாந்தரத்தில் இருந்த ஆராதனைக் கூடாரத்தின், அளவுகள் வரும்போதே களைத்துவிடுவார், பெப்ரவரியில் லேவியராகமத்தில் நின்றுவிடுவார். அப்புறம் குற்றவுணர்வில் அடுத்த ஜனவரி வரை புத்தகத்தைத் தொடவே மாட்டார்.

மாற்குவில் தொடங்குங்கள். நான்கு சுவிசேஷங்களில் அதுதான் சிறியது, 16 அதிகாரங்கள். நாளுக்கு அரை அதிகாரம் போதும், ஒரு மாதத்தில் முடிந்துவிடும். அதன்பின் லூக்கா, அதைத் தொடர்ந்து அப்போஸ்தலர் நடபடிகள். இரண்டும் தெயோப்பிலு என்பவருக்கு எழுதப்பட்டவை, ஒன்றின் தொடர்ச்சி மற்றது. அதற்குப் பிறகு ஆதியாகமத்துக்குப் போனால் விளங்கும். சங்கீதங்களை இடையிடையே வாசிக்கலாம்.

ஒரு கொப்பி வைத்துக்கொள்ளுங்கள். யார் பேசுகிறார், யாருக்கு, இதற்கு முன்னால் என்ன நடந்தது என்று எழுதுங்கள். "எனக்கு இதில் என்ன?" என்ற கேள்வி கடைசியில் வரட்டும். விளங்காததை விளங்கவில்லை என்றே எழுதி, வேதபாடத்துக்குக் கொண்டுவாருங்கள். கேள்வி கேட்டால் விசுவாசக் குறைவு என்று யார் சொல்லித்தந்தார்களோ தெரியாது, அதைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள்.

பழைய மொழிபெயர்ப்பின் தமிழ் கடினமாக இருந்தால் எளிய தமிழில் உள்ளதை வாசியுங்கள். இங்கிலிஷ் மீடியத்தில் படித்த பிள்ளையை அதற்காக ஏசாதீர்கள். கொழும்பில் 1812இலேயே வேதாகமச் சங்கம் தொடங்கியாயிற்று, புத்தகத்துக்கு இங்கே பஞ்சமில்லை. வாசிக்கும் நேரம் போனை அடுத்த அறையில் வையுங்கள். ஒரு நாள் தவறினால் மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள், இரட்டிப்பாக வாசித்து ஈடுகட்டப் பார்க்காதீர்கள்.

வைத்தியர் தந்த குளிசையை எந்த வசனத்தை வைத்தும் நிறுத்தாதீர்கள். இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே இல்லை. ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கிறீர்களா, பயமாக இருக்கிறதா? தனியாக இருந்து பக்கங்களைப் புரட்டாதீர்கள். எனக்கோ உங்கள் சபைப் போதகருக்கோ அழைப்பு எடுங்கள், இரவு என்றாலும் பரவாயில்லை. இருந்து சேர்ந்து ஒரு முழுச் சங்கீதத்தை வாசிப்போம்.