நோஹப்: போனை வைத்த பிறகும் ஓடும் வேலை

லினக்ஸ் பழகுகிறவர்களிடம் நோஹப் (nohup) என்ற கட்டளை எதற்கு என்று கேட்டால், "புரோகிராம் ஹேங் ஆகாமல் பார்த்துக்கொள்ளும்" என்று பலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். ஹேங் என்றாலே நமக்குக் கம்ப்யூட்டர் அசையாமல் நின்றுவிடுவதுதான். ஆனால் இது வேறு ஹேங். நோ, ஹேங்கப் என்ற இரு சொற்களின் சுருக்கமே நோஹப். ஹேங்கப் என்றால் போனை வைத்துவிடுவது.

அந்தக் காலத்துச் சுவர் போன்களில் காதுக்குழல் தனியாக இருக்கும். பேசி முடித்ததும் அதைப் பக்கத்துக் கொக்கியில் மாட்டுவார்கள். அதன் எடையில் கொக்கி கீழே இறங்க, லைன் கட் ஆகிவிடும். ஆங்கிலத்துக்கு அந்த மாட்டல் சொல்லாக நின்றுவிட்டது. தமிழில் நாம் போனை மாட்டுவதில்லை, வைக்கிறோம்.

போன் பேச்சு கம்ப்யூட்டருக்குள் எப்படி வந்தது? 1970களில் பெல் ஆய்வகத்தில் லினக்ஸுக்கு முன்னோடியான யுனிக்ஸ் இயங்குதளம் வளர்ந்தபோது, தொலைவில் இருப்பவர்கள் டெலிபோன் வழியாகத்தான் அதற்குள் நுழைந்தார்கள். எண்ணைச் சுழற்றி, மறுமுனையில் கீச்சென்ற ஒலி கேட்டதும் ரிசீவரைத் தங்கள் முனையத்தோடு (டெர்மினல்) இணைந்த கருவியின் இரண்டு ரப்பர் குழிகளில் அழுத்திப் பொருத்துவார்கள். போனை வைத்தால் ஒலி நிற்கும். ஆள் போய்விட்டார் என்று அறிந்த யுனிக்ஸ், அந்த முனையத்தில் ஓடும் நிரல்களுக்கு ஒரு சைகை அனுப்பும். அதுதான் சிக்ஹப் (SIGHUP), சைகை வரிசையில் எண் 1. வேறு ஏற்பாடு செய்துகொள்ளாத நிரல் அதைப் பெற்றதும் முடிந்துபோகும்.

போன் லைன் போய்விட்டது, சைகை இருக்கிறது. கட்டளைகளைத் தட்டும் டெர்மினல் ஜன்னலை மூடினாலும், தொலைவிலுள்ள கம்ப்யூட்டருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் (SSH) தொடர்பு அறுந்தாலும் இன்றும் அதே எண் 1தான். ஒருமுறை நிறையப் படங்களைச் சுருக்கும் நிரலை வேறொரு கம்ப்யூட்டரில் ஓடவிட்டு, என் டெர்மினலை மூடிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் பாதியில் அறுந்த ஒரு கோப்பு கிடந்தது. அன்று இரவு அதே கட்டளைக்கு முன்னால் நோஹப், கடைசியில் பின்னணியில் ஓடச் சொல்லும் & குறி. விடிந்தபோது எல்லாப் படமும் தயார். திரையில் வந்திருக்க வேண்டிய வரிகள் நோஹப்.அவுட் என்ற கோப்பில் இருந்தன. சிக்ஹப்பைக் காதில் வாங்காதபடி நிரலைத் தொடங்கி வைப்பது, அவ்வளவுதான் நோஹப்பின் வேலை.

டெஸ்க்டாப்பில் லாக் அவுட் செய்யும்போது இது போதாது. ஜன்னல் திறந்து ஓடும் செயலிகள், திரையை நடத்தும் சர்வர் போனால் பெரும்பாலும் தாமும் போய்விடும். பல லினக்ஸ்களில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் மென்பொருள் சிஸ்டம்டி (systemd). 2016 மே மாதம் வந்த அதன் 230ஆம் பதிப்பு, லாக் அவுட் ஆனவரின் மிச்ச வேலைகளையும் முடித்துவிடுவதை இயல்பான அமைப்பாக்கியது. நோஹப் போட்டவையும் தப்பவில்லை. லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் அந்த அமைப்பை அணைத்தே வைத்தது. அந்த அமைப்பு இயங்கும் இடத்தில், தங்கியிரு என்று பொருள்படும் லிங்கர் அனுமதியைக் கொடுத்து, வேலையைப் பயனர் சேவையாக ஓட்ட வேண்டும்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? தொங்கல் என்று எழுதினால் பொருளே கெட்டுவிடும். அசையாமல் நிற்கும் ஹேங்குக்கு உறைதல், ஹேங்கப்புக்குத் துண்டிப்பு, சிக்ஹப்புக்குத் துண்டிப்புச் சைகை என்று பிரித்து வைத்துக்கொண்டால் குழப்பம் இல்லை. நோஹப்பைத் துண்டிப்புத்தாங்கி என்று சொல்வேன். இடிதாங்கி இடியைத் தடுப்பதில்லை, விழுவதைத் தாங்கிக் கட்டடத்தைக் காக்கிறது. இங்கேயும் தொடர்பு அறும், சைகை வரும், வேலை நிற்காது.

அப்புறம் ஒன்று. முனையமே இல்லாத பின்னணிச் சேவைகளுக்கு யாரும் போனை வைக்கப்போவதில்லை. அதனால் அவற்றில் பலவற்றுக்கு இந்தச் சைகை, அமைப்புக் கோப்பை மறுபடி படி என்ற கட்டளையாக மாறிவிட்டது. அந்த இடத்தில் துண்டிப்பு என்று எழுதாமல், மறுவாசிப்புச் சைகை என்றே எழுதுங்கள்.