பரணில் கிடக்கும் கேசட்டைக் காப்பகத்துக்குத் தருமுன்

பாளையங்கோட்டையில் மானிடவியல் ஆய்வு நிறுவனம் ஒன்றின் ஆவணக் காப்பகத்தில் பணியாற்றுகிறேன். சுற்றுவட்டார ஊர்களிலிருந்து எங்களிடம் வந்துசேர்பவற்றில் பெரும்பகுதி, கோயில் கொடை விழாக்களில் பதிவான கேசட்டுகளும் வில்லுப்பாட்டுக் கதைகள் எழுதிய ஏடுகளும் நோட்டுப்புத்தகங்களுமே. மனமுவந்துதான் தருகிறார்கள். ஆனால் எந்த ஊர்க் கொடை, எந்த ஆண்டு, பாடிய புலவர் யார் என்று கேட்டால், "அப்பா காலத்துக் கேசட்டு, சுடலைமாடன் கதைதான் சார்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

சுடலைமாடன் கதை நூற்றுக்கணக்கான கோயில்களில் பாடப்படுவது. ஊருக்கு ஊர் கிளைக்கதை மாறும், கதையை நிறுத்தும் இடமும் மாறும். கொடையில் ஆடிப்பாடும் கணியான் கூத்தின் பதிவொன்றில் மகுடம் என்ற தோல்கருவியின் அடி திடீரென விரைவதைக் கேட்கும் ஆய்வாளர், அந்நேரத்தில் சாமியாடியான கோமரத்தாடிக்கு அருள் வந்தது என்று யாராவது எழுதி வைத்திருந்தால்தான் அந்த விரைவின் காரணத்தை அறிவார். இல்லையென்றால் அதைக் கலைஞரின் தனித்திறமை என்று எழுதிவிடுவார். அப்படி எழுதப்பட்ட கட்டுரைகளை நான் படித்திருக்கிறேன்.

குறிப்பு எவ்வளவு முக்கியம் என்பதற்குத் தாமிரபரணிக் கரையில் பெரிய சான்று, பழங்கால முதுமக்கள் தாழிகள் புதைந்த ஆதிச்சநல்லூர். 1876இல் ஜெர்மானியரான ஜாகோர் அங்கு அகழ்ந்தெடுத்தவற்றை பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899 முதல் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ சில ஆண்டுகள் அகழ்ந்தெடுத்த பொன் நெற்றிப்பட்டங்களும் வெண்கலக் கலங்களும் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன; அவற்றின் பட்டியல் 1915இல் நூலாக வந்தது. எந்தப் பொருள் எந்தத் தாழியில், எதனோடு சேர்ந்து கிடந்தது என்பதை அகழ்ந்தவர் எழுதிய குறிப்பு மட்டுமே சொல்லும். தோண்டிய குழியை மறுபடி தோண்டிக் கேட்க முடியாது.

ஆகவே கேசட்டின் உறைக்குள் ஊர், கோயில், கொடை நடந்த மாதம், ஆண்டு, குழுவினர் பெயர், பதிவு செய்தவர் பெயர் ஆகியவற்றை ஒரு தாளில் பென்சிலால் எழுதி வையுங்கள். விவரம் தெரிந்த பெரியவர் வீட்டில் இருந்தால், அவர் சொல்வதைச் செல்பேசியில் பதிவு செய்தாலே போதும். நாடாவில் வெள்ளைப் பூசணம் தெரிந்தால் பழைய டேப் ரெக்கார்டரில் போட்டுப் பார்க்க வேண்டாம். நாடா அறுந்தால் அந்தப் பகுதி போனதுதான். எம்பி3 ஆக்கி அனுப்பிவிட்டு மூலத்தைக் குப்பையில் போடுகிறவர்களும் உண்டு; சுருக்கிய கோப்பில் இழந்த ஒலி திரும்பாது என்பதால், நாங்கள் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் அளவில் சுருக்கப்படாத கோப்பாகவே மாற்றுகிறோம். ஏடுகளுக்குக் கையில் கிடைத்த எண்ணெயைத் தடவாதீர்கள், செல்லோடேப்பும் ஒட்டாதீர்கள்.

பாபநாசத்துக்கு மேலே மலையில் வாழும் காணிக்காரப் பழங்குடியினரிடம் எடுத்த பதிவுகளை நாங்கள் வேறு விதமாகக் கையாள வேண்டியுள்ளது. பொதிகை மலையின் கேரளப் பக்கத்துக் காணிக்காரர்கள் காட்டிய ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகையிலிருந்து 1990களில் 'ஜீவனி' என்ற மருந்து உருவாகி, அதன் வருவாயில் அவர்களுக்கும் பங்கு ஒதுக்கப்பட்டது. மூலிகை பற்றிய ஒரு களக்குறிப்பு பணமாகவும் மாறும் என்பதை அது துறைக்கு உணர்த்தியது. அதனால் மருந்துச் செடிகளையும் மந்திரச் சடங்குகளையும் பற்றிய பதிவுகளை அச்சமூகத்தின் ஒப்புதலின்றி வெளியாருக்குத் திறந்து காட்டுவதில்லை.

குடும்பப் பதிவுகளுக்கும் அதே உரிமை உண்டு. ஒப்படைப்புப் படிவத்தில் யார் கேட்கலாம், யார் படியெடுக்கலாம் என்று கேட்கும் பகுதியை அவசரமாகக் கடந்துபோகாமல், விருப்பமில்லாதவற்றை அடித்துவிட்டுக் கையொப்பமிடுங்கள்.